ஐம்பத்தைந்தாவது நகர்வு: ஓர் இறுதியாட்டப் பாடம்

விழா மலரொன்றிலே தமிழாசிரியன் ஒருவன் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் ஒதுக்கிவைத்துச் சதுரங்கத்தைப் பற்றி எழுத முற்படுவது அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். எனினும், யானை தேர் குதிரை காலாள் என்னும் நால்வகைப் படையுறுப்பைக் குறித்த சொல்லே இவ்விளையாட்டிற்குப் பெயராயிற்று என்பதையும், சோழநாட்டுத் திருப்பூவனூரிலே சிவபெருமான் சதுரங்கம் ஆடி வென்றமையாற் சதுரங்க வல்லபநாதர் எனப் பெயர்கொண்டு எழுந்தருளியுள்ளார் எனத் தலபுராணம் கூறுவதையும் நினைவூட்டினால், இப்பொருள் நமது மலருக்குப் புறம்பானதன்று என்பது புலப்படும். மேலும், ஈண்டு யான் எழுதப் புகுந்தது யான் சரியாகக் கற்பித்த பாடமன்று. தவறாகக் கற்பித்துப் பின்பு மாணவன் ஒருவனோடு சேர்ந்திருந்து திருத்திக்கொண்ட பாடம்.

ஆட்டம் அறியாதார் பொருட்டுச் சில சொற்களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். நேராகவும் குறுக்காகவும் எத்துணைத் தூரமேனும் செல்லும் காயைக் கோட்டை என்றும், மூலைவாட்டிலே செல்லும் காயை அமைச்சன் என்றும், ஓரடியாக முன்னேறும் சிறு காயைக் காலாள் என்றும் வழங்குவேன். (தமிழகத்திற் கோட்டையை யானை என்பாரும் உளர், எமது மாணவர்க்குக் கோட்டையே பழகிய பெயர்.) அரசன் எத்திசையிலும் ஒரு கட்டம் செல்வான். பலகையின் எட்டு நெடுவரிசைகளுக்கும் இடமிருந்து வலமாக ஏ, பீ, சீ, டீ, ஈ, எஃப், ஜீ, எச் என்றும், குறுக்கு வரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை என்றும் பெயரிடுவது உலக வழக்கு. காலாள் எதிரியின் கடைசி வரிசையை எட்டினால் அரசியாக உயர்வு பெறும். இவ்வொரு விதியே இறுதியாட்டம் முழுவதற்கும் உயிர்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 25ஆந் திகதி முதல் சிங்கப்பூரிலே உலகச் சதுரங்கப் பட்டப்போட்டி நிகழ்ந்தது. பட்டத்தைக் காத்து நின்றவர் சீனத்து டிங் லிரென். இவர் 2023ஆம் ஆண்டு ஏப்பிரலில் அஸ்தானா நகரிலே நெப்போம்னியாச்சியை வென்று, சீனநாட்டு ஆடவருள் முதன்முதல் உலகப் பட்டம் பெற்றவர். எதிர்த்து நின்றவர் சென்னையைச் சேர்ந்த குகேஷ். 2006ஆம் ஆண்டு மே 29ஆந் திகதி பிறந்தவர். அப்பொழுது வயது பதினெட்டு. 1961ஆம் ஆண்டிலே இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டராகிய மானுவல் ஆரோன், 1988ஆம் ஆண்டிலே அந்நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டராகிய விசுவநாதன் ஆனந்த் என்போர் வழிவழியாக வளர்த்த சென்னைச் சதுரங்க மரபிலே தோன்றியவர் அவர். பதினான்கு ஆட்டங்களுள் பதின்மூன்று முடிந்தபோது இருவரும் ஆறரைப் புள்ளிகளுடன் சமமாக நின்றனர். டிங் முதலாம், பன்னிரண்டாம் ஆட்டங்களை வென்றிருந்தார்; குகேஷ் மூன்றாம், பதினோராம் ஆட்டங்களை வென்றிருந்தார். பதினான்காவது ஆட்டமும் சமநிலையாயின் மறுநாள் விரைவாட்டங்களாற் பட்டம் தீர்மானிக்கப்படும். விரைவாட்டத்திலே டிங்கின் கையே ஓங்கும் என்பது பலருடைய கணிப்பு. எனவே, வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங் அன்று சமநிலையை நாடியதிலே வியப்பில்லை.

அது டிசெம்பர் 12ஆந் திகதி, வியாழக்கிழமை. சிங்கப்பூரில் மாலை ஐந்து மணிக்குத் தொடங்கிய ஆட்டம் நமக்குப் பிற்பகல் இரண்டரை மணி. பதுளையிலே வாடைக்கால மழை; நமுனுகுலை மலை கண்ணுக்குத் தெரியவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவர் மூவர் புணர்ச்சி விதிகளில் ஐயந் தீர்த்துக்கொள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தனர். மூவரும் நமது கல்லூரியின் சதுரங்கப் பலகையிலே பழகியவர்கள். ஆகவே புணர்ச்சி விதி விரைவிலே முடிந்தது. கைத்தொலைபேசியிலே நகர்வுகள் ஒவ்வொன்றாக வர, அவற்றை மேசைமீதிருந்த பலகையில் யாம் நகர்த்திக்கொண்டிருந்தோம்.

நடுவாட்டத்தைப் பற்றி யான் விரித்துரைக்கப் போவதில்லை. இருபத்தொன்பதாம் நகர்விலே டிங் தம் பீ-வரிசைக் காலாளைப் பலிகொடுத்து அரசிகளை மாற்றிக்கொண்டார். முப்பத்திரண்டாம் நகர்வு முடிந்தபோது ஒரு சோடிக் கோட்டையும் மாறியிருந்தது. எஞ்சியவை, இருவருக்கும் ஓர் அரசன், ஒரு கோட்டை, வெண்கட்டங்களிலே செல்லும் ஓர் அமைச்சன். வெள்ளைக்குக் காலாள் இரண்டு, கறுப்புக்கு மூன்று. எல்லாக் காலாட்களும் பலகையின் ஒரே பக்கத்திலே நின்றன. இத்தகைய நிலை காப்பவனுக்கு வருத்தந் தருவதாயினும் தோல்வி தருவதன்று என்று நூல்கள் கூறும். நாற்பத்தாறாம் நகர்விலே மேலும் ஒரு சோடிக் காலாட்கள் மாறின. இப்பொழுது வெள்ளைக்கு ஜீ3 இலே ஒற்றைக் காலாள். கறுப்புக்கு எஃப்5, ஜீ4 ஆகிய இடங்களிலே இரண்டு.

யான் கடிகாரத்தைப் பார்த்தேன். அம்மூவருள் ஒருவன் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருபவன். பேருந்தைத் தவறவிட்டால் பசறைக்கு அப்பாற் செல்ல வழியிராது. “இது சமநிலைதான், இனிப் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இன்னுஞ் சிறிது நேரத்திலே கைகொடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள்” என்று கூறிப் பலகையிலிருந்த காய்களைக் கலைக்கத் தொடங்கினேன். அவன் புத்தகப் பையைத் தோளில் மாட்டியவாறே, “சேர், அவருக்கு ஒரு காலாள் கூட இருக்கே. அவர் எதுக்குக் கைகொடுக்கணும்?” என்றான். யான் நகைத்தேன், விடை கூறவில்லை. மாணவர் சென்றபின் தேநீர் அருந்தி, ஒப்படைகள் சிலவற்றைத் திருத்திவிட்டுத் தொலைபேசியைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு நகர்வுகளிலே ஆட்டம் முடிந்திருந்தது; கறுப்பு வென்றிருந்தது.

என்ன நிகழ்ந்தது என்பதை இனி நோக்குவோம். புறத்திணையிலே மதிலை வளைத்துப் பொருவதை உழிஞை என்றும், மதிலைக் காத்து நிற்பதை நொச்சி என்றும் கூறுவர். தொல்காப்பியர் நொச்சியைத் தனித் திணையாக்காது உழிஞையுள் அடக்கினார். புறப்பொருள் வெண்பாமாலையோ அதனை வேறு திணையாக வகுத்தது. இவ்விறுதியாட்டத்தைப் பார்த்தபின், பிரித்து வகுத்தவர் கருத்தே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. வளைப்பவன் தொழில் வேறு. காப்பவன் தொழில் வேறு. வளைப்பவன் ஒரு வாயிலை முயன்று, அது திறவாதாயின் மற்றொரு வாயிலை முயலலாம், அவனுக்கு இழப்பில்லை. காப்பவனோ ஒவ்வொரு முறையும் சரியான விடையையே கூறவேண்டும். ஒன்பது முறை சரியாகக் கூறியமை பத்தாம் முறைக்கு உதவாது. இதிலே மற்றொரு நுட்பமும் உண்டு. வளைப்பவன் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் எளியனவாகவே இருக்கும். அவ்வெளிமையே காப்பவனை அயரச் செய்வது.

நாற்பத்தேழாம் நகர்விலிருந்து குகேஷ் செய்தது இதுவே. கோட்டையை டீ2 இலே நிறுத்தி வெள்ளை அரசனை முதல் வரிசையிலே அடைத்தார். தம் அரசனை எஃப்6 இற்குக் கொணர்ந்தார். வெள்ளைக் கோட்டை இடருறுத்தவே, மீண்டும் ஜீ5 இற்குச் சென்றார். அமைச்சனை ஈ6 இலே வைத்து எஃப்5 காலாளைக் காத்தார். கோட்டையை பீ2 இற்கு மாற்றினார். ஐம்பத்து நான்காம் நகர்விலே அரசனை ஈ5 இற்கு முன்னேற்றினார். இவற்றுள் எதுவும் வெள்ளையை உடனே வெல்லும் நகர்வன்று. கடிகாரத்திலே டிங்கினும் மிகுதியான நேரம் அவரிடம் இருந்தது; கைகொடுக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. மாணவன் கேட்ட கேள்விக்கு விடை பலகையிலேயே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. யானோ ஒப்படை திருத்திக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்தைந்தாம் நகர்வுக்கு முன் நிலை வருமாறு. வெள்ளை: அரசன் ஜீ1, கோட்டை எஃப்4, அமைச்சன் ஏ8, காலாள் ஜீ3. கறுப்பு: அரசன் ஈ5, கோட்டை பீ2, அமைச்சன் ஈ6, காலாட்கள் எஃப்5, ஜீ4. வெள்ளைக் கோட்டையை ஏ4 இற்கு விலக்கி, நான்காம் வரிசையிலேயே உலாவவிட்டிருந்தால் முற்றுகை தொடர்ந்திருக்கும், மதில் நின்றிருக்கும். டிங்கோ கோட்டையை எஃப்2 இற்குப் பின்வாங்கி, கறுப்புக் கோட்டைக்கு நேரே மாற்றத்திற்கு வைத்தார். காய்கள் குறையக் குறையச் சமநிலை நெருங்கும் என்னும் பொது விதியை அவர் நம்பினார் போலும். யானும் மாணவர்க்கு அவ்விதியையே கூறுவது வழக்கம்.

விதி பொதுவாக உண்மையே. ஆனால் ஏ8 மூலையிலே நின்ற அமைச்சனை அவ்விதி காணவில்லை. கறுப்பு எஃப்2 இலே கோட்டையை வெட்டியது; வெள்ளை அரசன் திருப்பி வெட்டினான். அடுத்துக் கறுப்பு அமைச்சன் ஈ6 இலிருந்து டீ5 இற்கு வந்து வெள்ளை அமைச்சனை நேருக்கு நேர் எதிர்த்தது. மூலையிலிருக்கும் அமைச்சனுக்கு ஒரேயொரு வழிதான் உண்டு. அவ்வழியின் குறுக்கே எதிரி நின்றுவிட்டான்; அவனுக்குத் துணையாக ஈ5 இலே அரசனும் நின்றான். வெட்டுவதன்றி வேறு கதியில்லை. அதே அமைச்சன் ஒரு கட்டம் தள்ளி பீ7 இலே நின்றிருந்தால் ஏ6 இற்கோ சீ8 இற்கோ நழுவியிருக்கலாம். சீ8 இலிருந்து எஃப்5 காலாளையும் தாக்கியிருக்கலாம். உண்மையிலே ஒன்பது நகர்வுகள் அவ்வமைச்சன் பீ7 இலேயே நின்றது. ஐம்பத்து மூன்றாம் நகர்விலேதான் மூலைக்குச் சென்றது. அந்நகர்வு தன்னளவிலே குற்றமற்றது. இரண்டு நகர்வின் பின் கோட்டை பின்வாங்கியபோதே அது குற்றமாயிற்று. நிலைமொழியிலும் குற்றமில்லை, வருமொழியிலும் குற்றமில்லை. சேருமிடத்திலே குற்றம் என்று தமிழாசிரியன் கூறுவான்.

ஐம்பத்தேழாம் நகர்விலே அமைச்சர்கள் மாறினர். ஐம்பத்தெட்டாம் நகர்விலே வெள்ளை அரசன் ஈ3 இற்கு விரைந்தான். கறுப்பு அரசன் டீ5 இலிருந்து ஈ5 இற்கு வந்து எதிரே நின்றான். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஏழரைக்கு ஆறரை என்னும் கணக்கிலே குகேஷ் உலகப் பட்டம் பெற்றார். 1985ஆம் ஆண்டிலே இருபத்திரண்டாம் வயதிற் பட்டம் பெற்ற கஸ்பரோவின் சாதனை அன்று முறியடிக்கப்பட்டது.

ஆட்டத்தின் பின் இருவரும் கூறியவை மாணவர் அறியத்தக்கன. வெள்ளைக் கோட்டை எஃப்2 இற்கு வந்தபோது அதன் குற்றத்தைத் தாம் உடனே காணவில்லை என்றும், தம் கோட்டையை பீ3 இற்கு நகர்த்தவே முதலில் எண்ணியதாகவும் குகேஷ் கூறினார். டிங்கோ, எதிரியின் முகத்திலே தோன்றிய மகிழ்ச்சியைக் கண்டே தம் தவறைத் தாம் உணர்ந்ததாகக் கூறினார். முதல் நாள் தோற்கவேண்டிய ஆட்டத்திலே தப்பியதை நினைக்குமிடத்து இம்முடிவு நேரியதே என்றும், தமக்கு வருத்தமில்லை என்றும் சொன்னார். அவ்வாண்டு சனவரிக்குப் பின் நீள்நேர ஆட்டமொன்றிலும் வெல்லாது சோர்ந்திருந்த ஒருவர் இறுதி ஆட்டத்தின் இறுதி மணிவரை பட்டத்தைக் காத்து நின்றார் என்பதை இந்நாளில் எவரும் பேசுவதில்லை. குகேஷ் கண்ணீர் விட்டார். பின்பு காய்களையெல்லாம் தொடக்க நிலையிலே ஒழுங்காக அடுக்கிவைத்துவிட்டே எழுந்தார். அவரும் இத்தகைய துயரை அறியாதவரல்லர். 2022ஆம் ஆண்டு மாமல்லபுரத்திலே நடைபெற்ற ஒலிம்பியாட்டில் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றபின், பத்தாஞ் சுற்றிலே உஸ்பெக்கிஸ்தானத்து அப்துசத்தோரோவிடம் வெல்லத்தக்க ஆட்டமொன்றைப் பிழைவிட்டு இழந்தார். அவருடைய அணிக்கு வெண்கலமே கிடைத்தது. பொன் உஸ்பெக்கிஸ்தானத்திற்குச் சென்றது.

அடுத்த கிழமை மடுல்சீமை மாணவன் வந்தான். தோட்டத்திலே பிள்ளைக்காம்பராவின் மேலே உள்ள வளைவில் மட்டுமே தொலைபேசிக்குத் தொடர்பு கிடைக்கும். அன்றிரவு தாயின் தொலைபேசியுடன் குடைபிடித்து நின்று நகர்வுகளைப் பார்த்து, லயத்து இஸ்தோப்பிலே விளக்கின் கீழ் இருந்து, இறுதி நிலையைப் பயிற்சிப் புத்தகத்திலே பென்சிலாற் கட்டம்போட்டு வரைந்திருந்தான். யான் சமநிலை என்று கூறியதைப் பற்றி அவன் ஒன்றும் பேசவில்லை. “ரெண்டு பக்கமும் காலாள் இருக்கப்பவே ஏன் சேர் விட்டுக்கொடுத்தாரு?” என்று மட்டுமே கேட்டான். யான் அக்கேள்வியைச் செவிமடுத்தபோது முன்னைய கேள்வியே காதிலொலித்தது. “தேறினாற் போதும், அதற்குமேல் உனக்கு எதற்கு” என்று தோட்டத்துப் பிள்ளைகள் எத்துணைப் பேரிடம், அன்பு என்று எண்ணிக்கொண்டே, யான் பலகையைக் கலைத்திருப்பேன்!

“நீ கறுப்பை எடு, யான் டிங் விட்ட இடத்திலிருந்து ஆடுகின்றேன்” என்றேன். இங்கேதான் எதிர்நிலை என்னும் பாடம் வருகின்றது. இரு அரசர்கள் ஒரே நேர்கோட்டில் நடுவே ஒரு கட்டம் இருக்க நிற்பார்களாயின், நகரவேண்டிய முறை யாருடையதோ அவனே வழிவிடவேண்டியவன். அரசனுக்கு அரசன் அண்மையிற் செல்லலாகாது. வெள்ளை அரசன் ஈ3, கறுப்பு அரசன் ஈ5, முறை வெள்ளையினுடையது. எனவே வெள்ளை விலகவேண்டும். நிற்பதற்கு உரிமை பெற்றவன் வெல்வான். கட்டாயமாக அசையவேண்டியவன் தோற்பான். ஓட்டப்பந்தயத்திற்கு நேர்மாறான நியாயம்.

யான் அரசனை எஃப்2 இற்கு விலக்கினேன். அவன் மகிழ்ந்து அரசனை ஈ4 இற்குப் பாய்ச்சினான். யான் ஈ2 இற்கு வந்தேன். இப்பொழுது எதிர்நிலை என் கையிலே. அவன் அதனைக் காணவில்லை. எஃப் காலாளை எஃப்4 இற்குத் தள்ளினான், யான் வெட்டினேன், அவன் அரசன் திருப்பி வெட்டினான், யான் எஃப்2 இலே அவனுக்கு எதிரே நின்றேன். ஒற்றைக் காலாளை அவன் எவ்வாறு உந்தினும் என் அரசன் முன்னே நின்றான். ஈற்றிலே தாக்குதலும் இன்றி நகர இடமும் இன்றி என் அரசன் ஜீ1 இலே முடங்கினான்; விதிப்படி சமநிலை. மறுபடி ஆடினோம், மறுபடியும் அவ்வாறே ஆயிற்று. மழை விட்டுவிட்டது. யான் நேரத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் முறை யான் எஃப்2 இற்கு விலகியதும் அவன் காயைத் தொடாது இரு கைகளையும் துடையின்கீழ் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தான். பின்பு அரசனை முன்னே செலுத்தாது பக்கவாட்டிலே டீ4 இற்கு நகர்த்தினான். யான் ஈ2 இற்கு வந்தேன். அவன் ஈ4 இற்கு வந்து எதிரே நின்றான். அதே நிலை, ஆனால் முறை என்னுடையது. யான் எஃப்2 இற்கு ஒதுங்க, அவன் டீ3 வழியாகச் சுற்றி, ஈ3, ஈ2, எஃப்3, எஃப்2 என நடந்து என் ஜீ3 காலாளை வெட்டினான். பாயாது ஒரு நகர்வைப் பொறுத்தமையே வேறுபாடு. அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து டீ4 என்று எழுதிக்கொண்டான்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கும், பலகையை மறந்திருக்கக்கூடிய பழைய மாணவர்க்கும் ஒரு பயிற்சியை விட்டுச் செல்கின்றேன். வெள்ளை: அரசன் ஈ3, காலாள் ஜீ3. கறுப்பு: அரசன் ஈ5, காலாட்கள் எஃப்5, ஜீ4. முறை வெள்ளையினுடையது. இம்முறை வெள்ளை அரசன் எஃப்2 இற்குச் செல்லாது டீ3 இற்கு விலகுகின்றான் என்று கொள்க. அம்மாணவன் முதலிரு முறையும் பிழையாகச் செய்த அதே காலாள் நகர்வு இங்கே சரியாகின்றது. ஏன் என்று கண்டுபிடிக்குக. வெள்ளை அக்காலாளை வெட்டியபின் கறுப்பு அரசன் செல்லவேண்டிய கட்டங்கள் இரண்டு. அவ்விரண்டையும் பலகையில் வைத்துப் பார்த்தபின்னரே காய்களைக் கலைக்குக.